முப்பரிமாணத் திசு மாதிரிகள்: குருதிப் புற்றாய்வின் கருத்தும் கலைச்சொல்லும்

1. முன்னுரை

ஓர் அறிவியல் துறை வளரும்போது கருவிகளும் முறைகளும் முதலில் தோன்றுகின்றன. அவற்றிற்குரிய சொற்கள் பின்னர் அமைகின்றன. அச்சொற்களை வேறொரு மொழிக்குக் கொண்டுசெல்வோர் இன்னும் பின்னர் வருகின்றனர். இவ்விடைவெளியில் தற்காலிகமாக வழங்கத் தொடங்கும் சொற்கள் பலவும் நிலைத்துவிடுவதுண்டு. நிலைத்துவிட்ட சொல் பிழையானதாயினும் அதனைப் பெயர்த்தெடுப்பது எளிதன்று.

குருதிப் புற்றுநோய்களை ஆராய்வதற்காக ஆய்வகத்தில் வளர்க்கப்படும் முப்பரிமாணத் திசு மாதிரிகள் அத்தகைய புதுத்துறைகளுள் ஒன்று. இத்துறையின் சொற்கள் ஆய்விதழ்களோடு நின்றுவிடுவதில்லை. நோயாளியிடம் எலும்பு மஜ்ஜை பெறும்போது அவருடைய இசைவைக் கோரும் படிவத்திலும், மருந்துச் சோதனை பற்றிய விதிகளிலும், நாளிதழ்ச் செய்தியிலும் அவை இடம்பெறுகின்றன. கேரளத்தின் தலைநகரான திருவனந்தபுரத்திற்குத் தமிழ் பேசும் நோயாளிகளும் வருவதால், இங்கு இப்படிவங்கள் ஆங்கிலம், மலையாளம் ஆகியவற்றோடு தமிழிலும் தேவைப்படுகின்றன.

இம்மாதிரிகளின் கருத்தமைப்பை முதலில் விளக்கி, அக்கருத்தைத் தாங்கும் சொற்கள் தமிழில் எவ்வாறு பொருந்துகின்றன, எவ்விடங்களில் இடறுகின்றன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கருத்து விளக்கம்

2.1 மஜ்ஜை என்னும் இடம்

குருதி ஒரு நீர்மம். அதில் மிதக்கும் செல்களில் தோன்றும் நோய்க்கு முப்பரிமாண வளர்ப்பு எதற்கு என்னும் வினா எவருக்கும் எழும். மார்பகத்திலோ குடலிலோ தோன்றும் புற்று திரண்ட கட்டியாக இருப்பதால் அதற்கு நீளம், அகலம், உயரம் என மூன்று அளவுகளும் உண்டு. மிதக்கும் செல்லுக்கு அவை எதற்கு?

விடை, செல் பிறக்கும் இடத்தில் இருக்கிறது. குருதிச் செல்கள் குருதியில் பிறப்பதில்லை. வளர்ந்த மனிதரில் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு முதலியவற்றின் உள்ளே உள்ள செம்மஜ்ஜையில் அவை பிறக்கின்றன. ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் அங்கு உருவாகின்றன. மஜ்ஜை வெறும் குழம்பு அன்று. பஞ்சு போன்ற எலும்புத் தட்டிகள், அவற்றின் உட்புறத்தைப் போர்த்திய எலும்பாக்கச் செல்கள், மெல்லிய சுவருடைய குருதிக் குழல்கள், நார்வலை, கொழுப்புச் செல்கள், நரம்பு நுனிகள் ஆகியவை அடர்ந்த ஒரு கட்டமைப்பு அது. குருதிச் செல்களைப் பெற்றெடுக்கும் மூத்த செல்கள் இக்கட்டமைப்பின் குறிப்பிட்ட மூலைகளில் ஒடுங்கியிருக்கின்றன. அருகிலுள்ள செல்கள் விடுக்கும் வேதிக் குறிப்புகளே அவற்றை உறங்கச் செய்கின்றன, விழிக்கவும் செய்கின்றன. இம்மூலைகளை இங்கிலாந்து அறிஞர் ரேமண்ட் ஸ்கோஃபீல்டு 1978இல் 'நிஷ்' என்னும் சொல்லால் குறித்தார்.

வெள்ளணுப் புற்றுச் செல்கள் இதே மூலைகளைக் கைப்பற்றிக்கொள்கின்றன. மருந்து குருதியில் திரியும் செல்களை அழித்தாலும், மஜ்ஜையின் மூலையில் ஒடுங்கிய சில செல்கள் சுற்றியுள்ள செல்களின் பாதுகாப்பில் தப்பிவிடுகின்றன. நோய் நீங்கிய பின் மீண்டும் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே இந்நோயை ஆராய்வதற்குச் செல் மட்டும் போதாது. அது ஒதுங்கும் இடமும் வேண்டும்.

2.2 தட்டை வளர்ப்பின் எல்லை

1887இல் ஜூலியஸ் ரிச்சர்டு பெட்ரி வடிவமைத்த வட்டத்தட்டு இன்றளவும் ஆய்வகங்களின் அடிப்படைக் கருவியாக உள்ளது. அதன் அடிப்பகுதி தட்டையானது, கடினமானது. அதில் இடப்படும் செல்லுக்கு ஒருபுறம் நெகிழி, மறுபுறம் ஊட்டநீர். உடலுக்குள் அதே செல்லைச் சுற்றி எல்லாப் பக்கங்களிலும் மென்மையான பொருள்களும் பிற செல்களும் உள்ளன, உயிர்வளியும் குறைவு. தட்டில் ஒரு மருந்து செல்களைக் கொன்றால் உடலிலும் கொல்லும் என்று உறுதி கூற இயலாமைக்கு இவ்வேறுபாடுகள் முக்கியக் காரணங்களாகும்.

இக்குறையை நீக்கும் முயற்சிகளில் முதல் பெரிய படி 1977இல் நிகழ்ந்தது. மைக்கேல் டெக்ஸ்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் எலியின் மஜ்ஜைச் செல்களை, மஜ்ஜையின் தாங்குசெல்கள் படிந்த ஓர் அடுக்கின்மேல் பல வாரங்கள் உயிரோடு வைத்திருந்தனர். செல்லுக்குத் துணைச்செல் தேவை என்பது இதனால் நிறுவப்பட்டது. ஆயினும் அவ்வடுக்கும் தட்டையானதே.

2.3 முப்பரிமாண வளர்ப்பின் வகைகள்

இன்று வழங்கும் முறைகளை நான்காகத் தொகுக்கலாம்.

அ) தாங்கியுடைய வளர்ப்பு: நுண்துளைகள் கொண்ட ஒரு சட்டகத்தில் செல்கள் குடியேற்றப்படுகின்றன. சட்டகம் நீர்க்கூழாகவோ, நுண்ணிழைகளின் பின்னலாகவோ, எலும்பின் கனிமத்தை ஒத்த பீங்கான் வகையாகவோ இருக்கலாம்.

ஆ) தாங்கியற்ற வளர்ப்பு: செல்கள் ஒட்ட இயலாத பரப்பில் அல்லது தொங்கும் துளியில் அவை தாமே கூடி உருண்டையாகத் திரள்கின்றன.

இ) உறுப்பை ஒத்த வளர்ப்பு: பலவகைச் செல்களாக மாறும் ஆற்றலுடைய மூத்த செல்களிலிருந்து, ஓர் உறுப்பின் உள்ளமைப்பு சிறிய அளவில் தானே உருவாகச் செய்யப்படுகிறது. 2009இல் தோஷிரோ சாத்தோ, ஹான்ஸ் கிளெவர்ஸ் முதலியோர் குடலின் உட்சுவரை இவ்வாறு வளர்த்தனர். மனித மஜ்ஜையை இம்முறையில் வளர்த்து, குருதிப் புற்று நோயாளிகளின் செல்கள் அதில் தங்கி வாழ்வதை ஆக்ஸ்ஃபோர்டு, பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளிப்படுத்தினர்.

ஈ) சில்லு: ஒளி ஊடுருவும் சிறிய பலகையில் மயிரிழை போன்ற கால்வாய்கள் அமைத்து, திசுவின் ஊடே நீர்மம் ஓடச் செய்வது. 2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வைஸ் நிறுவனத்தார் இவ்வாறு மஜ்ஜையைச் சில்லில் நிலைநிறுத்தியதை வெளியிட்டனர்.

இவை அனைத்திற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இவற்றில் எதுவும் மஜ்ஜை அன்று; மஜ்ஜையின் சில பண்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து மீண்டும் அமைத்தவையே இவை. ஒன்று கடினத்தன்மையை ஒத்திருக்கும். மற்றொன்று செல்களின் வகைகளை ஒத்திருக்கும். இன்னொன்று நீரோட்டத்தை ஒத்திருக்கும். எதை ஒத்திருக்கிறது, எதை ஒத்திருக்கவில்லை என்பதைச் சொல்லாமல் இவற்றை விளக்க இயலாது. பெயரிடலின் சிக்கலும் இங்குதான் தொடங்குகிறது.

2.4 திருவனந்தபுரச் சூழல்

திருவனந்தபுரத்தில் இத்துறையைத் தொடும் நிறுவனங்கள் பல உள்ளன. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், இந்தியாவிலேயே செய்யப்பட்ட செயற்கை இதய வால்வாலும் குருதிப்பையாலும் அறியப்பட்டது. பூஜப்புரையில் சாடல்மண்டு அரண்மனையில் இயங்கும் அதன் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு, உடலோடு ஒத்துப்போகும் பொருள்களையும் திசுப் பொறியியலையும் ஆராய்ந்து வருகிறது. 1981இல் தோன்றிய மண்டலப் புற்றுநோய் மையம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. உயிர்த்தொழில்நுட்பத்திற்கென ராஜீவ் காந்தி மையம் உள்ளது. கேரளத்தின் மற்றொரு நகரான கொச்சியில், அமிர்தா நிறுவன ஆய்வாளர்கள் வெள்ளணுப் புற்றின் கடுவகையொன்றில் மருந்தின் திறனை அறிய நுண்ணிழைச் சட்டகம் ஒன்றை உருவாக்கி 2015இல் கட்டுரை வெளியிட்டனர். அக்கட்டுரையின் தலைப்பிலேயே 'ஸ்காஃபோல்டு', 'நிஷ்' என்னும் இரு சொற்களும் இடம்பெறுகின்றன.

மொழியாய்விலும் இந்நகருக்குத் தனி இடம் உண்டு. அறிவியல் நூல்களை மலையாளத்தில் வெளியிடும் பொருட்டு 1968இல் கேரள மொழி நிறுவனம் இங்கு அமைந்தது. வ. அய். சுப்பிரமணியம் 1977இல் பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளியை இங்கு நிறுவினார். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்து மக்கள் இன்றும் பெருநோய்க்குத் திருவனந்தபுரத்தை நாடுகின்றனர். ஒரே மருத்துவமனை வளாகத்தில் இரு திராவிட மொழிகளும் ஆங்கிலமும் ஒரே கருத்தைச் சொல்ல வேண்டிய நிலை இங்கு இயல்பானது.

3. அடிப்படைச் சொற்களின் வேறுபாடு

புதிய சொற்களை ஆராயுமுன், அவை எவற்றின்மேல் கட்டப்படுகின்றனவோ அவ்வடிப்படைச் சொற்களைக் காணவேண்டும். செல், திசு, மஜ்ஜை, புற்று என்னும் நான்கும் இங்குக் கருதத்தக்கன.

3.1 செல்லும் திசுவும்

தமிழகப் பாடநூல்களில் 'செல்', 'உயிரணு' என்பனவும், இலங்கைத் தமிழில் 'கலம்' என்பதும், மலையாளத்தில் 'கோசம்' என்பதும் ஒரே பொருளைக் குறிக்கின்றன. திசுவைக் குறிக்க இலங்கைத் தமிழில் 'இழையம்' வழங்குகிறது. மலையாளத்தில் 'கல' வழங்குகிறது. ஆக, இலங்கைத் தமிழரின் 'கலம்' ஒற்றைச் செல்லையும், மலையாளியின் 'கல' செல்களின் கூட்டத்தையும் குறிக்கின்றன. ஒலியில் நெருங்கிய இவ்விரு சொற்களும் பொருளில் ஒரு படிநிலை விலகி நிற்கின்றன. மலையாள மூலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்போர் இவ்விடத்தில் இடறுதல் கூடும். 'கல மாதிரி' எனப் பெயர்த்தால் தமிழ் வாசகர் ஒற்றைச் செல்லின் மாதிரி என்றே கொள்வர்.

'இழையம்' சொற்பிறப்பில் மிகப் பொருத்தமானது. ஐரோப்பியச் சொல்லும் 'நெய்யப்பட்டது' என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததே. எனினும் நுண்ணிழைச் சட்டகங்களைப் பற்றி எழுதும்போது ஓர் இடர் தோன்றுகிறது. 'இழைச் சட்டகத்தில் வளர்ந்த இழையம்' என்னும் தொடரில், செயற்கை நாரும் உயிருள்ள திசுவும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்களால் குறிக்கப்படுகின்றன. இவ்விரண்டையும் வேறுபடுத்துவதே அத்தொடரின் பணி. இத்துறையைப் பொறுத்தவரை கடன்சொல்லாகிய 'திசு' தெளிவு மிக்கது எனலாம்.

3.2 மஜ்ஜை

'மஜ்ஜை' வடசொல், 'மச்சை' அதன் தமிழ் வடிவம். தமிழில் 'மூளை' என்னும் சொல்லுக்குத் தலைக்குள் உள்ளது என்பதோடு எலும்புக்குள் உள்ளது என்னும் பொருளும் உண்டு என அகராதிகள் காட்டுகின்றன. தெலுங்கில் 'மூலுக' மஜ்ஜையையும், கன்னடத்தில் 'மூளெ' எலும்பையும் குறிப்பது ஒப்புநோக்கத்தக்கது. திராவிட மொழிகளில் எலும்பு, எலும்பின் உள்ளீடு, மண்டையின் உள்ளீடு ஆகியவை பொருளால் நெருங்கியிருந்தமையை இவை உணர்த்துகின்றன. இன்று 'மூளை' ஒரே உறுப்புக்கு உரியதாகிவிட்டதால் அதனை மீட்டெடுக்க இயலாது. இறைச்சிக் கடையில் வழங்கும் 'நல்லி' என்னும் சொல் மஜ்ஜை நிறைந்த எலும்பைக் குறிக்கிறது. அது கலைச்சொல்லாகாது, ஆயினும் மஜ்ஜை எது என்பதை நோயாளிக்கு வாய்மொழியாக விளக்குவதற்கு அதனினும் எளிய சொல் இல்லை.

3.3 புற்று

தமிழில் நோயின் பெயர் கறையான் எழுப்பும் மண்மேட்டிலிருந்து பிறந்தது. மலையாளத்தின் 'அர்புதம்' வீக்கத்தைக் குறிக்கும் வடசொல். ஐரோப்பிய மொழிகளின் பெயர் நண்டிலிருந்து பிறந்தது. மூன்றும் திரண்ட உருவமுடைய கட்டியையே நினைவூட்டுகின்றன. குருதியின் நோயில் அத்தகைய திரட்சி பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாது. இவற்றினின்று வேறாக, ருடால்ஃப் விர்ஹோ 1845இல் இந்நோயை 'வெள்ளைக் குருதி' என்று வருணித்து, 1847இல் அதே பொருளுடைய கிரேக்க வேர்களால் 'லுக்கேமியா' என்று பெயரிட்டார். நிறத்தால் அமைந்த பெயர் அது. தமிழில் வழங்கும் 'வெள்ளணுப் புற்று' நிறத்தையும் மேட்டையும் ஒருங்கே கொண்டுள்ளது.

இங்கு இலக்கணம் சார்ந்த நுட்பம் ஒன்றும் உண்டு. 'இரத்தப் புற்றுநோய்' என்று பேச்சில் வழங்குவது பெரும்பாலும் வெள்ளணுப் புற்றையே குறிக்கிறது. ஆனால் ஆய்வுலகில் அது ஒரு குடும்பப் பெயர். வெள்ளணுப் புற்று, நிணநீர்த் திசுப் புற்று, மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் தோன்றும் மயலோமா ஆகியவை அதனுள் அடங்கும். ஆங்கிலத்தில் பன்மை ஈறு இவ்வேறுபாட்டைத் தெரிவித்துவிடுகிறது. தமிழில் அஃறிணைப் பன்மை ஈறு கட்டாயமன்று. எனவே ஈற்றை விட்டுவிட்டுப் பெயர்த்தால் குடும்பம் முழுதும் ஒரே நோயாகச் சுருங்கிவிடும். இத்துறையில் 'குருதிப் புற்றுநோய்கள்' என ஈற்றை வெளிப்படையாகத் தருவது நடைக்காக அன்று, பொருளுக்காகவே தேவைப்படுகிறது.

4. புதிய சொற்களின் சிக்கல்

4.1 தாங்கி: சாரமா, சட்டகமா?

'ஸ்காஃபோல்டு' என்பது கட்டடத் தொழிலிலிருந்து வந்த உருவகம். தமிழ்க் கொத்தனாரின் வழக்கில் அதற்குச் 'சாரம்' என்னும் சொல் உண்டு. ஆகவே 'திசுச் சாரம்' என்பது நேரான பெயர்ப்பாகத் தோன்றும். ஆயின் 'சாரம்' என்பதற்குப் பிழிந்தெடுத்த சத்து என்னும் பொருள் வலுவாக உள்ளது. மருத்துவச் சூழலில் 'திசுச் சாரம்' என்று படிப்பவர் திசுவிலிருந்து வடித்த நீர்மம் என்றே கருதுவர். தென்மாவட்டங்களில் அச்சொல் இடுப்பில் உடுத்தும் துணியையும் குறிக்கும்.

உருவகத்திலும் ஒரு பொருத்தமின்மை உள்ளது. கட்டடச் சாரம் கட்டடத்திற்கு வெளியே நின்று, பணி முடிந்ததும் பிரிக்கப்படுவது. திசுவின் தாங்கி செல்களுக்கு இடையே நிற்பது. சில வகைகள் நாளடைவில் தாமே கரையும், சில இறுதிவரை நிலைக்கும். கொடி பற்றி ஏறும் கொழுகொம்பு இதற்கு நெருங்கிய உவமை. எனினும் அது தனிக்கோல், வலையன்று. மலையாளத்தின் 'சட்டக்கூடு' என்பதோடு உறவுடைய 'சட்டகம்' இரு மொழியினருக்கும் புரிவது, வேறு மருத்துவப் பொருள் இல்லாதது, 'நீர்க்கூழ்ச் சட்டகம்', 'இழைச் சட்டகம்' எனத் தொகை அமைக்க இடங்கொடுப்பது. அதுவே ஏற்றது எனலாம்.

4.2 மாடம்

'நிஷ்' என்பதும் கட்டடச் சொல்லே. சிலையோ விளக்கோ வைப்பதற்குச் சுவரில் அமைக்கும் குழிவைக் குறித்தது. அதனைக் கூடு கட்டுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. தமிழ் வீடுகளின் விளக்குமாடமும் மாடக்குழியும் இதற்கு நேரானவை. 'மஜ்ஜை மாடம்' என்னும் தொடர், சிறிய செல் ஒன்று தனக்கென அமைந்த குழிவில் காக்கப்பட்டிருப்பதை மனக்கண்முன் நிறுத்துகிறது. 'மாடம்' தனித்து நின்றால் மாளிகையையும் குறிக்குமாதலின் முதலில் வருமிடத்தில் 'நுண்மாடம்' என்று அடைகொடுத்து, பின்னர் 'மாடம்' எனச் சுருக்கலாம். 'வாழிடம்', 'சூழல்' என்னும் பெயர்ப்புகள் உயிரினச் சூழலியலுக்கு உரியவை. தவிரவும், அவை பரந்த இடத்தைச் சுட்டுவன. ஸ்கோஃபீல்டின் கருத்தோ ஒடுங்கிய இடத்தைப் பற்றியது.

4.3 போலி

'ஆர்கனாய்டு' என்பதில் 'ஆய்டு' என்னும் பின்னொட்டு 'உருவத்தால் ஒத்தது' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழிலக்கணத்தில் இதற்கு அழகிய இணை ஒன்று உண்டு. ஓர் எழுத்தின் இடத்தில் மற்றோர் எழுத்து நின்றும் பொருள் மாறாதிருப்பதை 'போலி' என்பர். முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்னும் பாகுபாடு மொழியியலார் அறிந்ததே. அவ்வழியில் 'உறுப்புப்போலி' என்பது இலக்கணத்தால் பிழையற்றது. பிறிதொன்றின் இடத்தில் நின்று அதன் பணியைச் செய்வது என்னும் கருத்தையும் துல்லியமாகத் தருகிறது.

ஆனால் இன்றைய வழக்கில் 'போலி மருந்து', 'போலி மருத்துவர்' என்பனவே காதில் விழுகின்றன. 'உங்கள் செல்களை உறுப்புப்போலியில் வைத்துச் சோதிப்போம்' என்னும் தொடரைப் படிக்கும் நோயாளி ஏமாற்றப்படுவதாக எண்ணினால் அவரைக் குறைகூற இயலாது. ஒரு சொல் இலக்கணத்தில் செம்மையாகவும் செவியில் நச்சாகவும் இருத்தல் கூடும் என்பதற்கு இது சான்று. 'சிற்றுறுப்பு' என்பது செவிக்கு இனியது. ஆயின் அது முழு உறுப்பின் சிறுவடிவம் என்னும் மிகையான எண்ணத்தைத் தருகிறது. 'உறுப்பனையம்' என்பதில் 'அனைய' என்னும் உவம உருபு ஒத்திருத்தலை மட்டும் சொல்கிறது, இழிபொருள் சேரவில்லை. ஆய்வெழுத்துக்கு அது பொருந்தும். பொதுமக்களுக்கு 'உறுப்பைப் போல ஆய்வகத்தில் வளர்த்த சிறு திசு' என்று விரித்துரைப்பதே தகும்.

4.4 குருத்தா, முதலா?

பல்வகைச் செல்களைப் பிறப்பிக்கும் மூத்த செல்லுக்கு எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868இல் கையாண்ட ஜெர்மன் சொல்லில் உள்ள 'ஷ்டாம்' என்பது அடிமரத்தையும் குலவழியையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலம் அதனைத் 'ஸ்டெம்' என்றது. தமிழ்ப் பெயர்ப்பாளர் ஆங்கிலத்தை மட்டும் நோக்கித் 'தண்டு உயிரணு' என்றனர். குலவழி என்னும் பாதி உதிர்ந்தது. 'தண்டுவடம்' என்னும் சொல் நினைவுக்கு வருவதால் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புவடத்தின் செல் என்னும் மயக்கமும் சேர்ந்தது. 'குருத்தணு' அழகிய சொல். எனினும் 'குருத்தெலும்பு' அருகில் நிற்பதால், எலும்பைப் பற்றிய ஒரு துறையில் அது குருத்தெலும்பின் செல் எனப் பிறழ உணரப்படும். மலையாளத்தில் வழங்கும் 'வித்துகோசம்' விதையின் உருவகத்தைக் கொண்டது. வித்து ஒருமுறை முளைத்துத் தான் அழிவது. மூத்த செல்லோ தன்னையும் புதுப்பித்துக்கொண்டு பிறவற்றையும் தோற்றுவிப்பது. 'மூலச்செல்' பொருளால் பொருந்தினும் 'மூலநோய்' அதன் நிழலாகத் தொடர்கிறது.

தமிழில் 'முதல்' என்னும் சொல் வேர், அடி, தோற்றுவாய், குறையாது பேணப்படும் பொருள் ஆகிய அனைத்தையும் குறிக்கும். வணிகத்தில் முதல் பெருக்கத்தைத் தந்து தானும் நிற்பது. 'முதற்செல்' என்னும் ஆக்கம் இக்கருத்தின் இரு பண்புகளையும் உள்ளடக்குகிறது. 'குருத்துச் செல்' பரவலாக வழங்கிவிட்டதால் அதனை நீக்குவது கடினம். மஜ்ஜை பற்றிய எழுத்திலேனும் 'முதற்செல்' என்பதை உடன்வைத்துப் பழக்கலாம்.

5. 'மாதிரி': ஒரு சொல், மூன்று பொருள்

மேற்கண்ட சிக்கல்கள் அரிய சொற்களைப் பற்றியவை. மிகப் பெரிய சிக்கல் மிக எளிய சொல்லில் உள்ளது. எடுத்துக்காட்டிற்காக அமைத்த பின்வரும் தொடரை நோக்கலாம்:

உங்கள் எலும்பு மஜ்ஜை மாதிரி ஆய்வகத்தில் வளர்க்கப்படும்.

இத்தொடர் மூன்று வகையாகப் பொருள்படும். ஒன்று: உங்களிடமிருந்து எடுத்த சிறிதளவு மஜ்ஜை வளர்க்கப்படும். இரண்டு: உங்கள் மஜ்ஜையின் அமைப்பைக் காட்டும் ஆய்வுருவம் ஒன்று வளர்க்கப்படும். மூன்று: உங்கள் மஜ்ஜையைப் போன்ற ஏதோ ஒன்று வளர்க்கப்படும். பேச்சுவழக்கில் 'மாதிரி' உவம உருபாக வழங்குவதால் மூன்றாவது பொருளே கேட்பவர் மனத்தில் முதலில் எழலாம்.

இலக்கண நோக்கில் இவ்வேறுபாடு அடிப்படையானது. எடுத்த சிறுபகுதிக்கும் முழுமைக்கும் உள்ள உறவு சினைக்கும் முதலுக்கும் உள்ள உறவு. ஆய்வுருவத்திற்கும் முழுமைக்கும் உள்ள உறவு உவமைக்கும் பொருளுக்கும் உள்ள உறவு. முன்னது உடலின் பகுதி. நோயாளிக்கு அதன்மீது உரிமை பற்றிய வினா எழும். பின்னது ஆய்வாளர் உருவாக்கியது. அதில் நோயாளியின் செல்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இசைவு எதற்குக் கேட்கப்படுகிறது என்பதே சொல்லின் மயக்கத்தால் மறைந்துவிடுகிறது.

இதனினும் கவலைக்குரியது 'வளர்க்கப்படும்' என்னும் வினை. எதற்காக வளர்க்கப்படும் என்பதை அது சொல்லவில்லை. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பற்றிக் கேள்வியுற்ற குடும்பத்தினர், தம் பிள்ளையின் மஜ்ஜையை ஆய்வகத்தில் வளர்த்து மீண்டும் உடலில் செலுத்துவார்கள் என்று நம்பிக் கையெழுத்திடக்கூடும். ஆய்வைச் சிகிச்சையாகக் கருதும் இம்மயக்கம் மருத்துவ அறவியலில் நன்கு அறியப்பட்டது. மருத்துவர் எதையும் மறைக்காதபோதும் தொடரமைப்பே அதனைத் தோற்றுவிக்கும்.

மலையாளத்தில் இம்மயக்கம் குறைவு. அங்கு 'மாதிரி' என்பது வகையையும் ஒப்புமையையும் குறிக்க, ஆய்வுருவத்திற்கு 'மாத்ருக'வும் எடுத்த சிறுபகுதிக்குச் 'சாம்பிள்' என்னும் கடன்சொல்லும் வழங்குகின்றன. ஆகவே தெளிவான மலையாளப் படிவத்திலிருந்து பெயர்க்கப்பட்டாலும் தமிழ்ப் படிவம் தெளிவற்றதாகலாம். இலங்கைத் தமிழிலோ எடுத்த பகுதி 'மாதிரி' எனவும் ஆய்வுருவம் 'மாதிரியுரு' எனவும் பிரித்து வழங்கப்படுகின்றன.

தமிழுக்குள்ளேயே இவ்வேறுபாடு பழையது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியில் 'பதம்' என்பது முழுமையின் பகுதியாக நின்று முழுமையை அறிவிப்பது. தமிழகப் புள்ளியியல் நூல்களில் வழங்கும் 'கூறெடுத்தல்' என்பதும் அக்கருத்தினதே. ஆகவே 'மஜ்ஜைக் கூறு', 'மாதிரியுரு' என இரண்டையும் பிரித்தால் சிக்கல் பெரும்பாலும் நீங்கும். மேற்கண்ட தொடரைப் பின்வருமாறு அமைக்கலாம்:

உங்களிடமிருந்து எடுத்த மஜ்ஜையில் ஒரு சிறு பகுதியை ஆய்வகத்தில் வைத்து, நோய் எவ்வாறு பரவுகிறது என்பதை அறிவதற்குரிய ஒரு மாதிரியுருவை அமைப்போம். இது ஆய்வுக்கு மட்டுமே. உங்கள் உடலில் இது திரும்பச் செலுத்தப்படாது.

தொடர் நீண்டது உண்மை. செயப்பாட்டு வினை செய்வினையாக மாறியதும், நோக்கம் வெளிப்பட்டதும், மறுப்புத் தொடர் ஒன்று சேர்ந்ததும் அந்நீட்சியின் பயன்கள்.

6. சட்டமும் மறுபெயர்ப்பும்

இச்சொற்கள் இன்று சட்டத்திலும் நுழைந்துவிட்டன. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம், புதிய மருந்துகளை மனிதரிடம் சோதிக்குமுன் விலங்குகளில் சோதித்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயத்தைத் தளர்த்தியது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்துச் சோதனைகள் பற்றிய விதிகள் 2023 மார்ச்சில் திருத்தப்பட்டு, முப்பரிமாண உறுப்பனையம், உறுப்புச் சில்லு முதலிய முறைகளுக்கும் இடமளித்தன. விதியில் உள்ள சொல்லுக்கு இரு பொருள் இருத்தலாகாது.

பங்கேற்பவர் அறிந்த மொழியில் செய்தியைத் தரவேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டிகள் வலியுறுத்துகின்றன. பெயர்ப்பின் தரத்தை அறிய, தமிழ்ப் படிவத்தை வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து மூலத்தோடு ஒப்பிடும் மறுபெயர்ப்பு முறை வழக்கில் உள்ளது. 'மாதிரி' போன்ற சொல்லில் இம்முறை பயனளிப்பதில்லை. மறுபெயர்ப்பாளர் துறையை அறிந்தவராதலின் மூன்று பொருள்களுள் சரியானதைத் தாமே தேர்ந்துகொள்வார். ஆங்கிலம் மூலத்தோடு பொருந்தும். மயக்கம் வெளிப்படாமலே போகும். படிவத்தைப் படிக்கக் கேட்ட ஒருவர் அதனைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்வதே இதற்கு உற்ற சோதனை. 'நடுவில் உள்ளவர் புரிந்துகொண்டாரா' என்பதை மறுபெயர்ப்பு அளக்கிறது. 'கையெழுத்திடுபவர் புரிந்துகொண்டாரா' என்பதைத் திருப்பிச் சொல்லுதல் அளக்கிறது.

7. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படும் நெறிகள் பின்வருமாறு:

1. சொல்லை ஆக்குமுன் அண்டைச் சொற்களை ஆராய்தல் வேண்டும். 'குருத்தணு', 'சாரம்', 'மூலச்செல்' ஆகியவை தம்மளவில் குறையற்றவை. அருகிலுள்ள சொற்களாலேயே அவை குறைபடுகின்றன.

2. உருவகத்தின் மூலமொழி எது என்பதை அறிதல் வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் நோக்கியதால் குலவழி என்னும் பொருளைத் தமிழ் இழந்தது.

3. ஆய்வெழுத்துக்கும் இசைவுப் படிவத்திற்கும் ஒரே சொல்லை வற்புறுத்தலாகாது. 'உறுப்பனையம்', 'நுண்மாடம்' ஆய்விதழுக்கு உரியன. படிவத்தில் விளக்கத்தொடரே வேண்டும்.

4. கூறும் மாதிரியுருவும் எல்லா நிலைகளிலும் வேறுபடுத்தப்படல் வேண்டும். இவ்வொன்றில் மட்டும் ஆய்விதழுக்கும் படிவத்திற்கும் விலக்கு இல்லை.

5. இலங்கைத் தமிழ், தமிழகத் தமிழ், மலையாளம் ஆகிய மூன்றின் வழக்குகளையும் ஒருங்கு நோக்குதல் வேண்டும். ஒன்றில் உள்ள குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது.

1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீன் காலந்தொட்டுத் தமிழில் மருத்துவச் சொல்லாக்கம் தொடர்ந்து வருகிறது. அன்றைய சொல்லாக்கம் மாணாக்கரை நோக்கியது. இன்றைய சொல்லாக்கம் நோயாளியையும் நோக்கவேண்டியுள்ளது. மருத்துவ மாணாக்கர் ஒரு சொல்லைப் பிழையாக உணர்ந்தால் ஆசிரியர் திருத்துவார். படிவத்தின் கீழே கையெழுத்திட்டுவிட்ட நோயாளிக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. ஆகவே அவர் படிக்கும் சொற்களைத் தேர்வதில் பெயர்ப்பாளர் காட்டும் கவனம் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது.